புறநகருக்குக் குடிபோகலாமா? ஓர் ஊரை எடைபோட வணிகருக்கு ஒரு கணக்கு

நம் உறுப்பினர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நகருக்குள் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. கூடுவாஞ்சேரிப் பக்கம் மனை பார்த்திருக்கிறோம். அது நல்ல ஊர்தானா? குடும்பத்தோடு போகலாமா?" என்கிறார்கள். கடையை விரிவாக்கவென்று சேர்த்த பணத்தை அட்வான்ஸாகக் கொடுக்கப் போகிறவர்களும் இவர்களில் உண்டு. ஆகவே இந்தக் கேள்வியைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

ஓர் ஊர் நல்ல ஊரா என்பதற்கு ஒரே சொல்லில் பதில் கிடையாது. ஓய்வு பெற்ற ஒருவருக்கு நிம்மதியாக இருக்கும் ஊர், விடியற்காலையில் மார்க்கெட்டுக்குப் போக வேண்டிய மளிகைக்காரருக்குத் தொல்லையாக இருக்கலாம். ஆனால் பார்க்க வேண்டிய விஷயங்கள் என்னவோ எல்லோருக்கும் ஒன்றுதான். சரக்கு வாங்கும்போது மூட்டையின் வாயில் தெரிவதை மட்டும் பார்த்து நாம் விலை பேசுவதில்லை. அடியிலிருந்தும் அள்ளிப் பார்க்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் புரோக்கர் காரில் அழைத்துப் போய்க் காட்டும் ஊர், மூட்டையின் வாய் மட்டுமே.

எந்த ஊர், எந்த எல்லை?

உதாரணத்துக்குச் சென்னைக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஊர்களை எடுத்துக்கொள்வோம். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து, ரயிலை நம்பியே இந்தப் பக்கம் குடியிருப்புகள் வளர்ந்தன. இப்போது தாம்பரத்தையும் தாண்டிப் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோவில் என்று வீடுகள் செங்கல்பட்டு வரை நீண்டுவிட்டன.

நிர்வாகமும் மாறியிருக்கிறது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. 2021-இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி அமைந்தது. அதே ஆண்டில் நந்திவரம்–கூடுவாஞ்சேரி பேரூராட்சி நகராட்சியாக உயர்ந்தது.

இந்த விவரம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். புரோக்கர் வாயில் எல்லாமே "தாம்பரம் பக்கம்"தான். ஆனால் நீங்கள் பார்க்கும் தெரு மாநகராட்சியில் இருக்கிறதா, நகராட்சியில் இருக்கிறதா, ஊராட்சியில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே சொத்து வரி, குப்பை வண்டி, தெருவிளக்கு, கழிவுநீர்க் கால்வாய், குடிநீர் இணைப்பு, தொழில் உரிமம் எல்லாம் அமைகின்றன. ஒரே சாலையில் அடுத்தடுத்த இரண்டு தெருக்கள் இரண்டு நிர்வாகத்தில் இருப்பதும் உண்டு. ஆகவே முதல் கேள்வி, "இந்தத் தெருவுக்கு வரி எங்கே கட்டுகிறார்கள்?" என்பதுதான். பக்கத்து வீட்டு வரி ரசீதைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நேரமும் ஒரு முதல்தான்

வாடகை மிச்சம் என்று பேசுகிறவர்கள் நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கடை பாரிமுனைப் பக்கம் இருக்கிறது. வீடு கூடுவாஞ்சேரிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். தூரம் சுமார் 40 கிலோமீட்டர். வீட்டிலிருந்து ஸ்டேஷன், ரயிலுக்குக் காத்திருப்பு, பயணம், இறங்கிக் கடைக்கு நடை என்று எல்லாம் சேர்த்து ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம் என்று போடுங்கள். போக வர 3 மணி. மாதம் 26 நாளுக்கு 78 மணி. நம் கடை ஒரு நாளில் 12 மணி நேரம் திறந்திருக்கிறது என்றால், மாதத்தில் ஆறரைக் கடை நாள் பயணத்திலேயே போகிறது.

சம்பளத்துக்குப் போகிறவர் இந்த நேரத்தைத் தன் ஓய்விலிருந்து கொடுக்கிறார். நாமோ கடையிலிருந்தும் கொடுக்கிறோம், குடும்பத்திலிருந்தும் கொடுக்கிறோம். காலையில் பிள்ளைகள் எழுமுன் கிளம்பி, அவர்கள் தூங்கிய பின் திரும்புகிறவருக்கு அந்த ஊர் எவ்வளவு நல்ல ஊராக இருந்து என்ன பயன்? கல்லாவில் யார் உட்காருவது, கடைசி ரயிலுக்கு எத்தனை மணிக்குக் கடையைக் கட்டுவது, இரவு வியாபாரம் எவ்வளவு குறையும் என்பதையெல்லாம் முதலில் எழுதிப் பாருங்கள்.

பணக் கணக்கையும் அதே தாளில் எழுதுங்கள். ஒரு மாதிரிக்குச் சொல்கிறோம்: நகரில் வீட்டு வாடகை 18,000 ரூபாய், புறநகரில் 11,000 ரூபாய் என்றால் மிச்சம் 7,000. இதில் ஸ்டேஷன் வரை வண்டி பெட்ரோல், வண்டி நிறுத்தக் கட்டணம், சீசன் டிக்கெட், பிள்ளைகளின் பள்ளி வேன், குடிநீர் கேன், ரயில் தவறிய நாளில் ஆட்டோ என்று சேர்த்தால் 5,000 கரைவதற்கு வெகு நேரம் ஆகாது. மீதி 2,000 ரூபாய்க்கு 78 மணி நேரத்தை விற்கிறோமா என்று பாருங்கள். தொகை வீட்டுக்கு வீடு மாறும். உங்கள் எண்களைப் போட்டு நீங்களே கூட்டிக் கழித்துப் பாருங்கள். பெரிய வித்தியாசம் வந்தால் போகலாம். "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது இதற்கும் பொருந்தும்.

தண்ணீர்: கோடையில் ஒரு கேள்வி, மழையில் ஒரு கேள்வி

இந்தப் பகுதியில் வீடு பார்க்கிறவர்கள் தண்ணீரைப் பற்றி இரண்டு முறை கேட்க வேண்டும். மே மாதத்தில் போர் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது, உப்பா, குடிநீர்க் குழாயில் எத்தனை நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வருகிறது என்பது முதல் கேள்வி. டிசம்பரில் தெருவில் தண்ணீர் எதுவரை நிற்கும் என்பது இரண்டாவது.

இரண்டாவது கேள்வி உயிருக்கும் முதலுக்கும் சம்பந்தப்பட்டது. 2015 டிசம்பர் முதல் வாரத்துப் பெருமழையில் தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளின் கீழ்த்தளம் மூழ்கி மக்கள் படகுகளில் வெளியேற நேர்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் அதே பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. காரணம் இடத்தின் அமைப்பு. ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் அடையாறாக மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் வழியாகத்தான் ஓடி வர வேண்டும். ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பி வழியும்போது, தாழ்வான இடத்தில் கட்டிய வீட்டுக்குள் தண்ணீர் வராமல் எங்கே போகும்?

ஊர் முழுவதும் மூழ்குவதில்லை. ஒரே ஊரில் ஒரு தெரு மேடாக இருக்கும். நாலு தெரு தள்ளிப் பள்ளமாக இருக்கும். ஆகவே ஊரைப் பற்றிக் கேட்பதைவிடத் தெருவைப் பற்றிக் கேட்பதே சரி. "2015-இல் இந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது?" என்று கேளுங்கள். மனை விற்கிறவரிடம் வேண்டாம். அந்தத் தெருவில் அப்போது குடியிருந்தவரிடம் கேளுங்கள். சுவரில் கைவைத்து இதுவரை என்று காட்டுவார்கள்.

கடைத்தெருவே சொல்லிவிடும்

ஓர் ஊரைப் பற்றி விளம்பரத்தில் வராத விஷயங்கள் அந்த ஊர்க் கடைத்தெருவில் தெரியும். இதை மற்றவர்களைவிட நாம் நன்றாகப் படிக்க முடியும். ஊருக்குப் போனால் முதலில் மனைக்குப் போகாதீர்கள். கடைத்தெருவில் ஒரு சுற்று நடந்து வாருங்கள்.

கடை வாசலில் இருபது லிட்டர் தண்ணீர் கேன்கள் எத்தனை அடுக்கியிருக்கின்றன என்று பாருங்கள். சிறு கடையிலும் கேன் மலைபோல் குவிந்திருந்தால் அந்த ஊர்த் தண்ணீரைக் குடிக்க முடியவில்லை என்று பொருள். கடைகளின் தரை ரோட்டிலிருந்து மூன்று நாலு படி உயரமாக இருந்தால், மூட்டைகளைத் தரையில் வைக்காமல் கல்லும் பலகையும் போட்டு அதன்மேல் அடுக்கியிருந்தால், மழைக்காலக் கதையை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அரிசி எப்படி விற்கிறது என்று கவனியுங்கள். மாதத்தின் முதல் வாரத்தில் 25 கிலோ சிப்பம் நிறையப் போனால் குடும்பங்கள் நிலையாகத் தங்கியிருக்கின்றன. சம்பளம் ஒழுங்காக வருகிறது. கிலோக் கணக்கிலும் நூறு கிராம் பாக்கெட்டிலுமே வியாபாரம் நடந்தால், அன்றாடக் கூலிக்காரர்களும் தனியாகத் தங்கி வேலை பார்ப்பவர்களும் அதிகம். இதில் உயர்வு தாழ்வு ஒன்றும் இல்லை. இரண்டுக்கும் வியாபார முறை வேறு, அவ்வளவே. பாக்கி நோட்டு எத்தனை பக்கம் போகிறது என்பதைக் கடைக்காரரே ஒரு டீ குடிக்கும் நேரத்தில் சொல்லிவிடுவார்.

பத்து வருஷமாக ஒரே பெயரில் நடக்கும் கடைகள் எத்தனை, ஷட்டர் இறக்கி "வாடகைக்கு" என்று எழுதிய கடைகள் எத்தனை என்று எண்ணுங்கள். ஏஜென்சி லைன் வண்டி வாரத்தில் எத்தனை நாள் வருகிறது என்று கேளுங்கள். கம்பெனிக்காரர்கள் வண்டி அனுப்பும் ஊரில் வாங்கும் சக்தி இருக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு மேலும் கடைகள் திறந்து, வெளிச்சமும் நடமாட்டமும் இருந்தால், ரயிலிலிருந்து இறங்கி வரும் பெண்கள் பயமின்றி வீடு சேரலாம். இதற்காக ஒரு வேலை நாள் இரவிலும் அந்த ஊருக்குப் போய்ப் பாருங்கள்.

இன்னொன்று. இந்த ஊர்களில் ரயில் பாதையும் பெருஞ்சாலையும் ஊரை இரண்டாகப் பிரிக்கின்றன. கிழக்குப் பக்கம் இருப்பவர் ஒரு சிறிய சாமானுக்காக மேற்குப் பக்கம் தாண்டி வரமாட்டார். பள்ளி ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் என்றால் குழந்தைகளும் தினமும் தாண்ட வேண்டும். சுரங்கப்பாதை, மேம்பாலம் எங்கே இருக்கிறது, மழையில் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்குமா என்று விசாரியுங்கள்.

ஊர் எதை நம்பிப் பிழைக்கிறது?

ஒரு பெரிய தொழிற்சாலையையோ ஒரு கல்லூரியையோ மட்டும் நம்பிய ஊரில் வியாபாரம் ஏறினால் வேகமாக ஏறும். இறங்கினால் அதே வேகத்தில் இறங்கும். மறைமலைநகரில் இருந்த ஃபோர்டு கார் தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. 2022-இல் அங்கே கார் தயாரிப்பு நின்றது. அந்தப் பகுதியில் வேறு தொழிற்சாலைகளும் இருப்பதால் ஊர் படுத்துவிடவில்லை. ஒரே ஆலையை நம்பிய ஊராக இருந்தால் வீட்டு வாடகை முதல் டீக்கடை வரை எல்லாம் ஆட்டம் கண்டிருக்கும். பொத்தேரி, காட்டாங்குளத்தூர் பக்கம் மாணவர் கூட்டத்தை நம்பி நடக்கும் கடைகள் விடுமுறை மாதங்களையும் கணக்கில் வைத்தே சரக்கு போட வேண்டும்.

அதேபோல் "வரப்போகிறது" என்ற சொல்லுக்கு விலை கொடுக்காதீர்கள். வந்ததற்குக் கொடுங்கள். மொத்தக் காய்கறி வியாபாரம் கொத்தவால் சாவடியிலிருந்து 1996-இல் கோயம்பேட்டுக்கு மாறியதையும், வெளியூர்ப் பேருந்து நிலையம் 2002-இல் பாரிமுனையிலிருந்து கோயம்பேட்டுக்குப் போனதையும், தென் மாவட்டப் பேருந்துகளுக்கான நிலையம் 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கத்தில் திறக்கப்பட்டதையும் நாம் பார்த்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் வழிப்போக்கர் வியாபாரம் பேருந்தோடு சேர்ந்தே இடம் மாறுகிறது. இவையெல்லாம் அறிவிப்புக்கும் திறப்புக்கும் இடையே பல ஆண்டுகள் பிடித்த வேலைகள். அத்தனை ஆண்டும் வட்டி கட்டிக் காத்திருக்க நம் முதலுக்குத் தெம்பு இருக்கிறதா என்பதே கேள்வி.

வீட்டில் இருப்பவர்களையும் கேளுங்கள்

கடைக்காரர் பகல் முழுவதும் கடையில் இருப்பார். அந்த ஊரில் உண்மையில் வாழப் போகிறவர்கள் மனைவியும் பிள்ளைகளும் வயதான பெற்றோரும்தான். நடந்து போகும் தூரத்தில் பள்ளி உண்டா, இரவில் நெஞ்சுவலி என்றால் எந்த ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ் உள்ளே வரும் அகலம் தெருவுக்கு உண்டா என்று பாருங்கள். குரோம்பேட்டையிலும் செங்கல்பட்டிலும் அரசு மருத்துவமனைகள் உள்ளன. இரண்டுக்கும் இடையில் இருக்கும் ஊர்க்காரர், தம் வீட்டிலிருந்து எது சீக்கிரம் சேரும் என்று தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். தீபாவளி, பொங்கல் நாட்களில் ஜி.எஸ்.டி. சாலையில் வாகனங்கள் ஊர்ந்து போவதை எல்லோரும் அறிவோம். அந்த நாட்களில் பெருஞ்சாலையைத் தொடாமல் போக உள்வழி இருக்கிறதா?

நகரில் ஒரே வளவில் சொந்தக்காரர்களோடு இருந்து பழகிய வீட்டம்மாவுக்கு, பக்கத்தில் நாலு காலி மனைகள் இருக்கும் தனி வீடு தண்டனையாகவும் ஆகலாம். மனை பார்க்கப் போகும்போது அவர்களையும் அழைத்துப் போங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் காரணம் கேளுங்கள்.

பத்திரமும் வாடகையும்

அங்கீகாரம் பெறாத மனைப்பிரிவு மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்பனையான மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் அரசு விதிகள் கொண்டுவந்தது. ஆகவே பழைய மனை என்றால் வரன்முறை உத்தரவைக் கேளுங்கள். புதிய மனைப்பிரிவு என்றால் சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அங்கீகாரத்தையும், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவாக இருந்தால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையப் பதிவு எண்ணையும் கேளுங்கள். பட்டா, வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம் மூன்றையும் நமக்கு வேண்டிய வக்கீலிடம் காட்டுங்கள். விற்பவர் கைகாட்டும் வக்கீலிடம் மட்டும் காட்டி நிறுத்திவிடாதீர்கள். சர்வே எண்ணைக் கொண்டு, அந்த இடம் ஏரிப் புறம்போக்கையோ வாய்க்காலையோ தொடுகிறதா என்று கிராம வரைபடத்திலும் பாருங்கள்.

வாடகைக்குப் போவதானால், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். வாய்ப்பேச்சில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கடையையும் அந்த ஊருக்கே கொண்டுபோவதானால் வேலை இன்னும் உண்டு. ஜி.எஸ்.டி. சாலையில் கடை போட்டாலும் ஜி.எஸ்.டி. பதிவில் அந்த முகவரி ஏறாவிட்டால் பயனில்லை; மாற்றத்தை 15 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். உணவுப் பாதுகாப்புப் பதிவும் உள்ளாட்சித் தொழில் உரிமமும் அந்தந்த இடத்துக்கு உரியவை. பழைய கடையின் தாள் புதிய கடைக்குச் செல்லாது. கொள்முதல் எங்கிருந்து, லோடு வாடகை மூட்டைக்கு எவ்வளவு விழும், சரக்கு இறக்க வண்டி நிற்க இடம் உண்டா என்பதையும் பாருங்கள். உள்ளூர் வணிகர் சங்கத்தாரைச் சந்திக்காமல் கடை பிடிக்க வேண்டாம். அதே தெருவில் ஏற்கெனவே நாலு மளிகைக் கடை தள்ளாடிக்கொண்டிருந்தால் அவர்கள் மறைக்காமல் சொல்வார்கள். ஐந்தாவதாக நாம் போவது நமக்கும் நல்லதல்ல, அவர்களுக்கும் நல்லதல்ல.

முதலை முடக்காதீர்கள்

இத்தனையும் பார்த்த பிறகும் நாம் சொல்லும் யோசனை ஒன்றுதான்: வாங்குமுன் ஒரு வருஷம் அதே பகுதியில் வாடகைக்கு இருந்து பாருங்கள். அந்த ஒரு வருஷத்தில் ஒரு கோடையும் ஒரு வடகிழக்குப் பருவமழையும் கட்டாயம் அடங்க வேண்டும். ஒரு மே மாதத்தையும் ஒரு டிசம்பரையும் அந்தத் தெருவில் கழித்தவருக்கு வேறு யாருடைய சர்டிபிகேட்டும் தேவையில்லை.

"அதற்குள் விலை ஏறிவிடுமே" என்பார்கள். ஏறலாம். ஆனால் மளிகைக் கடையின் உயிர் கையில் சுழலும் பணம். இரண்டு லட்சம் ரூபாய் ரொக்கமாகக் கையில் இருந்தால் மொத்த வியாபாரியிடம் விலை குறைத்துக் கேட்கலாம். பண்டிகைக்கு முன் சரக்கு பிடிக்கலாம். அதையே மனையில் போட்டுவிட்டுச் சரக்கைக் கடனுக்கு எடுத்தால், மூட்டைக்கு மூட்டை விலை கூடும், அலமாரி காலியாகும், வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். ஏறிய மனை விலை காகிதத்தில் இருக்கும். இறங்கிய வியாபாரம் கல்லாவில் தெரியும். ஆகவே வீட்டுக்கென்று தனியாகச் சேர்த்ததையும், கடை லாபத்தில் தவணை கட்டும் அளவுக்கான வங்கிக் கடனையும் கொண்டு வீடு வாங்குங்கள். கொள்முதல் பணத்தில் கை வைக்க வேண்டாம்.

தெற்குப் புறநகர்களில் நல்ல தெருக்கள் நிறைய உண்டு. நம் வணிகர்கள் பலர் அங்கே கடையும் வீடுமாக வேரூன்றி நன்றாகவே இருக்கிறார்கள். குடிபோக எண்ணும் உறுப்பினர்கள், ஏற்கெனவே அங்கே இருக்கும் உறுப்பினர் ஒருவரை அறிமுகம் செய்துவைக்கும்படி சங்க அலுவலகத்தில் கேட்கலாம். அவர் கடையில் அரை நாள் உட்கார்ந்து வியாபாரத்தைப் பாருங்கள். பிறகு அட்வான்ஸ் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.